மணல் தீவட்டி

பழவேற்காடு,
28.1.1976

மதிப்பிற்குரிய செங்கல்வராயன் ஐயா அவர்களுக்கு,

என்னை உங்களுக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, தெரியவில்லை. நீங்கள் உப்பு இலாகாவில் இரசாயனப் பரிசோதகராக இருந்தபோது, ஒரு சித்திரை மாதம் இங்கே உப்பளம் பார்க்க வந்து வெயிலில் மயங்கி விழுந்தீர்கள். பக்கத்தில் வேறு ஆஸ்பத்திரி இல்லாததால் எங்கள் பிரசவ விடுதிக்குத் தூக்கி வந்தார்கள். அப்போது உங்களுக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்த நர்ஸ் தாயாரம்மாள் நான்தான். அந்தக் கட்டிலைவிட்டு எழுந்த ஆண்களில் மீசை இருந்தது உங்களுக்கு மட்டும்தான். அதனால் எனக்கு மறக்கவில்லை. விலாசத்தை உப்பளக் கணக்குப்பிள்ளையிடம் வாங்கினேன்.

விஷயம் இதுதான். எங்கள் விடுதி வேலியோரம் ஓர் உகா மரம் நிற்கிறது. பக்கத்து வீட்டு உமர் பாரூக் பாய் பல் துலக்கக் குச்சி ஒடிக்கும் மரம். அதன் அடியில், வெறும் மணலில், பத்து நாளுக்கு முன் ஒரு பூ எழும்பியது. இலை இல்லை, பச்சை என்பதே இல்லை. மொந்தன் வாழைக்காய்ப் பருமனில் ஒரு தண்டு, அதைச் சுற்றி மஞ்சள் பூக்கள் நெருக்கமாக. கருவாடு விற்கிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னாம்மா இது, பூவா காளானா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். மணல் தீவட்டி என்று பேரும் வைத்துவிட்டார்கள்.

உமர் பாய்க்கு மட்டும் ஆச்சரியம் இல்லை. அவர் குவைத்தில் இருந்தவர். அங்கே பாலைவனத்தில் மழை பெய்தால் எப்போதாவது இது வருமாம். அங்குள்ளவர்கள் காயவைத்துப் பொடித்து வயிற்று நோவுக்கும் மூட்டு வலிக்கும் எடுப்பதைப் பார்த்திருக்கிறார். ஊர் திரும்பும்போது காய்ந்த தண்டுகளைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். அவர் மனைவி சாலிஹா அந்தப் பெட்டியை எங்கள் உகா மரத்தடியில்தான் கவிழ்த்துத் தட்டினாளாம்.

இப்போது மூட்டு வலிக்காரர்கள் வேலியோரம் வந்து நிற்கிறார்கள். தின்று யாருக்காவது ஏதாவது ஆனால் அரசாங்க நர்ஸ் வாசலில் நடந்ததாகத்தான் பேச்சு வரும். ஒரு துண்டைத் தகர டப்பாவில் அனுப்புகிறேன். இது விஷமா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள் போதும்.

இப்படிக்கு,
தாயாரம்மாள்


வேப்பம்பட்டு,
19.2.1976

மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு,

டப்பா வந்து சேர்ந்தது. தங்களை நான் மறக்கவில்லை. ஆனால் தங்களுக்கு என்னை நினைவிருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்தக் கட்டிலைப் பற்றி வேறு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். முதல் முறை செய்த சோதனையில் எனக்கே நம்பிக்கை இல்லாததால் இரண்டாம் முறையும் செய்தேன். தண்டில் உப்பு அதிகம். கசப்பு உண்டு. விஷச் சத்துகளைக் காட்டும் திரவங்களில் இரண்டு என்னிடம் இருக்கின்றன. இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் திரவங்கள் நான் ஓய்வு பெறும்போது வாங்கி வைத்தவை. ஒருவேளை வீரியம் குறைந்திருக்கலாம். ஒருவேளை துண்டு போதாமல் இருந்திருக்கலாம். ஒருவேளை என் கண்ணாடியும் மாற்ற வேண்டியதாக இருக்கலாம்.

ஆகவே விஷம் என்றும் சொல்ல முடியவில்லை, விஷம் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. தயவுசெய்து யாரையும் தின்ன விடாதீர்கள். இத்தனை அரிய பூவை முதலில் பெருக்கிப் பார்க்க வேண்டும். விதை கிடைத்தால், அது இருக்கும் மணலோடு அனுப்பி வைத்தால், தொட்டியில் முறையாக வளர்த்துக் குறிப்பெடுப்பேன். இது என் யோசனைதான். தவறாகவும் இருக்கலாம்.

தங்கள்,
செங்கல்வராயன்


பழவேற்காடு,
11.3.1976

ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்திலிருந்து 'ஒருவேளை'களைப் பொறுக்கி எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு தபால் கார்டில் அடங்கிவிடும்.

நீங்கள் இரண்டாம் முறை சோதித்துக்கொண்டிருந்தபோது இங்கே மூன்றாம் சோதனை முடிந்துவிட்டது. சாலிஹாவின் ஆடு வேலியைத் தாண்டி வந்து பூவை முக்கால்வாசி தின்றுவிட்டது. நான் பதறிப்போய் ஆட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிரசவத்துக்கு வந்த பெண்ணின் மாமியார், "நர்ஸம்மா ஆட்டுக்கு வலி பாத்துக்கினு கீறாங்க" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் முதல் அது எங்கள் வேலியைவிட்டு நகர மறுக்கிறது.

உமர் பாய்க்குப் பெருமை தாங்கவில்லை. "நான் சொன்னா ஒருத்தரும் நம்பல, ஆடு சொன்னதும் நம்பிட்டீங்க" என்றார். சாலிஹாவோ, "ஆட்டுக்கு மூட்டு வலியே கெடயாதே, அது இன்னாத்த சொல்லும்?" என்று அவர் வாயை அடைத்தாள்.

ஆட்டின் வாய்க்குத் தப்பியது அடித்தண்டில் பாதியும் ஒரு பூங்கொத்தும்தான். காயவைத்தேன். விதை மூக்குப்பொடி போல இருக்கிறது. கேட்டபடி உகா மரத்தடி மணலோடு துணியில் முடிந்து அனுப்புகிறேன். தண்டைப் பொடித்து அதிலும் கொஞ்சம் வைத்திருக்கிறேன். உங்களுக்கு மூட்டு வலி உண்டா? கேட்கக் காரணம், அன்று கட்டிலிலிருந்து எழும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தீர்கள்.

தாயாரம்மாள்


வேப்பம்பட்டு,
6.8.1976

அன்புள்ள அம்மையார் அவர்களுக்கு,

மூட்டு வலி உண்டு. இரண்டு காலிலும் உண்டு. அது சோதனைக்கு மிகவும் வசதியாகப் போயிற்று.

பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இடது முழங்காலில் மட்டும் தடவினேன். வலது முழங்காலுக்கு வெறும் நல்லெண்ணெய். எது எந்தக் காலுக்கு என்று மறந்துவிடாமல் இருக்க இடது காலில் ஒரு நூல் கட்டிக்கொண்டேன். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் லட்சுமியம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், கால்ல மந்திரிச்சிக் கட்டிக்கினு கீறீங்க?" என்று கேட்டார்கள். விளக்கம் சொன்னேன். பாதியில் எழுந்து போய்விட்டார்கள்.

இடது கால் நன்றாகத் தேறியிருக்கிறது. மகிழ்ச்சியோடு தங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். அப்போதுதான் வலது காலும் அதே அளவு தேறியிருப்பதைக் கவனித்தேன். இதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. மருந்து ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் போகும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மணலைச் சலித்து, கழுவி, வெயிலில் காயவைத்துத் தொட்டியில் நிரப்பி விதையைத் தூவியிருக்கிறேன். மேலே கொசுவலை. தினமும் அளந்து தண்ணீர். வேறு என்னவோ ஒரு களைச் செடி இரண்டு முறை தலைகாட்டியது. இடுக்கியால் வேரோடு எடுத்துவிட்டேன்.

பதில் எழுத வேண்டியவன் நான்தான் என்று தெரிந்தும், தங்களிடமிருந்து கடிதம் வந்திருக்குமோ என்று தினமும் தோன்றுகிறது. தபால்காரர் இந்தப் பக்கம் மாலையில்தான் வருவார். நானே காலையில் ஏரிக்கரை வழியாகத் தபால் ஆபீசுக்கு நடந்து போய்க் கேட்டு வருகிறேன். வேறு வேலையும் இல்லை.

தங்கள்,
செங்கல்வராயன்


பழவேற்காடு,
2.9.1976

ஐயா,

உங்கள் கடிதத்தை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சாலிஹாவுக்குப் படித்துக் காட்டினேன். இருவரும் சிரித்துச் சிரித்து, அவள் மூக்குத்தித் திருகு எங்கோ விழுந்து, விளக்கை வைத்துக்கொண்டு தேடினோம்.

நர்ஸ் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் கால்களைத் தேற்றியது பூவும் அல்ல, எண்ணெயும் அல்ல. வீட்டிலேயே உட்கார்ந்திருந்த மனிதர் தினமும் ஏரிக்கரை வரை நடந்தால் முழங்கால் தேறாமல் என்ன செய்யும்? ஆகவே தொடர்ந்து தபால் ஆபீசுக்கு நடங்கள். கடிதம் வராத நாளிலும் நடங்கள். வர வைக்க நான் பார்த்துக்கொள்கிறேன்.

வேலியோரம் வந்து நிற்பவர்களிடமும் இதையே சொன்னேன். மருந்தென்று நிரூபணம் இல்லை, நடந்து பாருங்கள் என்று. "நடக்க முடியலன்னுதான நர்ஸம்மா இவ்ளோ தூரம் நடந்து வந்தோம்" என்றார் ஒருவர்.

தாயாரம்மாள்


பழவேற்காடு,
20.11.1977

ஐயா,

ஏறக்குறைய இந்த இரண்டு ஆண்டில் நாம் எழுதிக்கொண்டவற்றை ஒரு தலையணை உறையில் போட்டு வைத்திருந்தேன். இப்போது இன்னோர் உறை தேவைப்படுகிறது. போன தை மாதம் பூ வரவில்லை என்று நீங்கள் பட்ட வருத்தத்துக்கே பாதி உறை.

இன்று ஒரு செய்தி. வரும் ஏப்ரல் மாதம் எனக்கு ஓய்வு. குடியிருப்பை ஒப்படைக்க வேண்டும். பிலாயில் எஃகு ஆலையில் இருக்கும் என் தம்பி தேசப்பன் அங்கேயே வந்துவிடச் சொல்லி எழுதியிருக்கிறான். அவன் நல்லவன். இருபது வயதில் புருஷனை இழந்து நின்றபோது என்னை நர்ஸ் படிப்பில் சேர்க்க அலைந்தவன். அங்கே போனால் ஒரு குறையும் இருக்காது. எனக்குத் தெரிந்தவர்களும் இருக்க மாட்டார்கள்.

இன்னும் அவனுக்குப் பதில் எழுதவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

தாயாரம்மாள்


வேப்பம்பட்டு,
15.12.1977

அன்புள்ள அம்மையார் அவர்களுக்கு,

தங்கள் கேள்வியைப் பல நாள் ஆலோசித்தேன்.

தாங்கள் பிலாய் சென்றால் பூவின் ஆராய்ச்சி தடைப்படும். அது பூக்கும் இடம் உலகத்தின் இந்தப் பகுதியில் அந்த ஒரு மரத்தடிதான். என் தொட்டியில் இன்றுவரை ஒன்றும் முளைக்கவில்லை. களைதான் திரும்பத் திரும்ப வருகிறது, எடுத்துக்கொண்டே இருக்கிறேன். ஆகவே தாங்கள் போவதானால், மழைக்குப் பின் மரத்தடியைப் பார்த்துக்கொள்ள, பூத்த தேதியைக் குறித்துக்கொள்ளப் பொறுப்பான வேறு ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டுப் போவது நல்லது.

மற்றபடி தம்பியின் அழைப்பைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகளுக்காக நிலம் அளந்துகொண்டிருக்கிறார்கள். அங்கே ஒரு கம்பெனி, கிணற்றுத் தண்ணீரில் உப்பைச் சோதிக்க ஓய்வு பெற்ற ஆள் வேண்டும் என்று எனக்கு எழுதியிருக்கிறது. சின்னதாக ஒரு வீடும் தருவார்களாம். இந்த வயதில் என்னால் முடியுமா என்று தெரியவில்லை. மறுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

தங்கள்,
செங்கல்வராயன்


பழவேற்காடு,
30.1.1978

திரு. செங்கல்வராயன் அவர்களுக்கு,

பூ வந்துவிட்டது. இந்த முறை மூன்று. தேதி இருபத்திரண்டு, ஞாயிற்றுக்கிழமை. குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று பழைய இடத்திலேயே, மற்ற இரண்டும் அதே மரத்தின் மறுபக்கம். இனிமேல் பார்த்துக்கொள்ளப் பொறுப்பான ஆளாக உமர் பாயை ஏற்பாடு செய்துவிட்டேன். உங்கள் கவலை தீர்ந்தது.

நான் உங்களைக் கேட்டது பூவைப் பற்றி அல்ல. ஐம்பத்தைந்து வயதில் ஒரு பெண் 'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்' என்று ஒரு மனிதரைக் கேட்கிறாள் என்றால், மரத்தடிக்குக் காவல்காரரை நியமிக்கச் சொல்லியா கேட்பாள்?

சாலிஹாவிடம் உங்கள் கடிதத்தைப் படித்தபோது அவளும் சிரிக்கவில்லை. "ஏன் நர்ஸக்கா, அவரு நெஜமாவே படிச்ச மனுசனா?" என்றாள்.

ஏப்ரல் எட்டாம் தேதி ரயிலுக்குத் தம்பி டிக்கெட் எடுத்துவிட்டான். கும்மிடிப்பூண்டி வேலையை மறுக்காதீர்கள். உங்களால் முடியும். இதைச் சொல்ல எனக்கும் உரிமை இல்லைதான்.

இனி எழுத வேண்டாம்.

தாயாரம்மாள்


வேப்பம்பட்டு,
27.3.1978

அன்புள்ள தாயாரம்மாள் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். கிட்டத்தட்ட இரண்டு மாதம் எழுதாமல் இருந்தேன். அதாவது, எழுதியவற்றை அனுப்பாமல் இருந்தேன்.

மூன்று பூவும் ஒரே மரத்தைச் சுற்றித்தான் வந்தன என்று கோபத்தில் எழுதியிருந்தீர்கள் அல்லவா, அந்த வரி என்னை விடவில்லை. மணல்தான் காரணம் என்றால் அந்தக் கரை முழுவதும் மணல். ஏன் அந்த மரம்? மதராஸ் போய் நூலகத்தில் தாவர சாஸ்திரப் புத்தகங்களைப் பார்த்தேன். இலையும் பச்சையும் இல்லாத இந்த வகைப் பூவுக்குத் தனியாக உணவு தேடத் தெரியாது. மண்ணுக்கடியில் வேறொரு செடியின் வேரைப் பற்றிக்கொண்டால்தான் விதையே கண் திறக்கும்.

வீட்டுக்கு வந்து தொட்டியைப் பார்த்தேன். புதிதாக ஒரு களை தலைகாட்டியிருந்தது. இடுக்கியை எடுத்துவிட்டேன். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். அது உகாச் செடி. நீங்கள் அனுப்பிய மணலில் சல்லடைக்குத் தப்பிய உகா விதைகளும் இருந்திருக்கின்றன. எதைப் பற்றிக்கொண்டு அந்தப் பூ வர வேண்டுமோ, அதைத்தான் இரண்டு ஆண்டாக ஒன்றுவிடாமல் பிடுங்கி, சுத்தமான தொட்டி என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு தவறை ஒழுங்கில்லாத ஆள் செய்திருக்கவே முடியாது.

இதை உவமையாகச் சொல்ல வரவில்லை. முதலில் அப்படித்தான் ஆரம்பித்தேன். பிறகு பார்த்தால், இன்னொரு செடியின் சாற்றை உறிஞ்சி வாழ்கிற பூ அது. நான் உங்கள் ஓய்வூதியத்தில் ஒட்டிக்கொள்ளப் பார்ப்பதாக அர்த்தம் வந்துவிடும். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். எனக்குச் சம்பளம் உண்டு. கும்மிடிப்பூண்டி வேலையை ஒப்புக்கொண்டுவிட்டேன்.

வீட்டையும் போய்ப் பார்த்தேன். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்புறம் கிணறு. தண்ணீரைச் சோதித்தேன், உப்பு இல்லை. சுற்றிலும் இன்னும் கட்டடம் வரவில்லை, பொட்டல்தான். ரயில் சத்தம் கேட்கும். சாவி கொடுத்தவர் ஆந்திரப் பக்கத்து மனிதர். "நைனா, ஒண்டியாவா இருக்கப் போற?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். உங்களிடம் கேட்காமல் என்ன பதில் சொல்வது?

மனைவி இறந்த பிறகு எனக்கென்று இருப்பவள் மதுரையில் இருக்கும் என் மகள்தான். அவளுக்கு எழுதிக் கேட்டேன். "இதை என்னிடம் கேட்க இவ்வளவு நாளா அப்பா?" என்று பதில் போட்டிருக்கிறாள்.

இப்போது கேட்கிறேன். பூவை விட்டுவிடுங்கள். அது பூத்தாலும் பூக்காவிட்டாலும் நீங்கள் பிலாய் போக வேண்டாம். என்னைக் கல்யாணம் செய்துகொண்டு கும்மிடிப்பூண்டிக்கு வர உங்களுக்குச் சம்மதமா? இல்லை என்று சொன்னால் அதையும் தெரிவியுங்கள். நான் சகித்துக்கொள்வேன் என்று எழுதினேன், ஆனால் அது உண்மையா என்று எனக்குச் சந்தேகமாக இருப்பதால் அடித்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தில் 'ஒருவேளை' ஒன்றுகூட இல்லை. இரண்டு முறை சரிபார்த்தேன்.

தங்கள்,
செங்கல்வராயன்


பழவேற்காடு,
2.4.1978

அன்புள்ளவருக்கு,

கடிதம் நேற்று வந்தது. ஏப்ரல் ஒன்றாம் தேதி. தபால்காரர் மோசஸ் நீட்டியபோது, யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். இவ்வளவு நேரான வரிகளில் யாரும் விளையாட மாட்டார்கள்.

எனக்குச் சம்மதம்.

முதலிலேயே இதை எழுதிவிட்டேன், நீங்கள் மற்றதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்பதற்காக.

ஒட்டுண்ணி என்று பயப்படாதீர்கள். அந்த உகா மரத்தை நான் தினமும் பார்க்கிறேன். மூன்று பூவுக்குச் சாறு கொடுத்துவிட்டு, இந்தப் பங்குனியில் என்றும் இல்லாதபடி காய்த்துக் குலுங்குகிறது. உமர் பாய்க்குக் குச்சி ஒடிக்கவே மனம் வரவில்லை.

தம்பிக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். டிக்கெட் வீண் என்று கோபிப்பான் என்று பயந்தேன். அதே ரயில் இங்கே திரும்பி வரும்போது அவனும் அவன் மனைவியும் வருவதாகப் பதில் தந்தி அடித்திருக்கிறான். பொன்னேரியில் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம். எப்படியும் முன்னறிவிப்பு கொடுத்துக் காத்திருக்க வேண்டுமாம். அதற்குள் எனக்கு இரண்டு பிரசவம் பாக்கி இருக்கிறது. பொறுப்பை ஒப்படைத்த பிறகும் அந்தப் பெண்கள் என்னை விடமாட்டார்கள். அவர்களில் பூவம்மாளுக்கு நான் வாக்கே கொடுத்துவிட்டேன்.

சாலிஹாவிடம் சொன்னேன். அவள் எழுந்து போய்ப் பெரிய அண்டாவைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள். இன்னும் நாள் குறிக்கவில்லையே என்றதற்கு, "அந்த மனுசன் நாள் குறிக்கிற வரைக்கும் நம்ம காத்துக்கினு இருந்தா அண்டா துருப்பிடிச்சிப் பூடும்" என்றாள்.

அவள் சொன்னதை நானும் யோசித்துப் பார்த்தேன். நீங்கள் இந்தச் சம்மதத்தை வாங்கி, சரிபார்த்து, நன்றி சொல்லிப் பதில் எழுதி, அதைக் கிழித்து, மறுபடி எழுதி அனுப்புவதற்குள் வைகாசி வந்துவிடும். அதனால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது இதைக் கொண்டுவந்த உமர் பாய் உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு முதலில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். பேப்பரையும் பேனாவையும் எடுக்காதீர்கள். எழுதிக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். உங்களைத்தான் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

தாயாரம்மாள்